அக்காவின் கட்டம்

“அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமாப்பா?”

“எந்த அக்கா?”

“விளையாடாதீங்கப்பா.”

“எனக்கு ஒரே பொண்ணு. அவளுக்கு அடுத்த வாரம் கல்யாணம். வேலை தலைக்கு மேல கிடக்கு. போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு.”

சமையலறை மேசையில் உட்கார்ந்து அப்பா தன் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். எரிகிறதா என்று பார்க்க என் முகத்திலேயே ஒருமுறை அடித்தார். கண் கூசியது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அப்பாவுக்குத் தண்ணீர் மீட்டர் அளவெடுக்கும் வேலை. தெருத் தெருவாகப் போய், வாசலில் நின்று, “தண்ணி மீட்டர்!” என்று குரல் கொடுப்பார். மூன்றாம் மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கும் கேட்கும் குரல். கதவு திறந்ததும் தரையில் குனிந்து, மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து எண்ணைப் படிப்பார். அப்படி யார் யார் வாசலிலோ நின்று கூப்பிட்ட மனிதர், பெற்ற மகளை மட்டும் கூப்பிடவில்லை.

அக்கா கட்டிக்கொண்டது ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரை. மனைவியை இழந்தவர். நடக்கப் பழகாத பெண் குழந்தை ஒன்று அவர் கையில் இருந்தது. “யாரோ பெத்த பிள்ளைக்கு ஆயா வேலை பாக்கவா உன்னை வளர்த்தேன்? போறதுன்னா போ. போனா இந்த வாசலை மிதிக்காதே” என்றார் அப்பா. அக்கா அழவில்லை. வீம்பில் அவள் அச்சு அசல் அப்பாதான். ஒரே ஒரு பையோடு படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: “போன்னு சொன்ன வாய். அந்த வாய்தான் வான்னு சொல்லணும். அதுவரைக்கும் வரமாட்டேன். நீ நடுவுல புகுந்து தூது கீது வராதே, சொல்லிட்டேன்.”

இரண்டு பேரும் சொன்ன சொல்லில் நின்றார்கள். நடுவில் கரைந்துபோனது அம்மாதான். அத்தான் வேறு ஊரில் வேலை மாற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம். பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். நர்ஸ் வந்தாலும் பார்த்தாள், தரை துடைக்கிறவர் வந்தாலும் பார்த்தாள். யாரை என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அம்மா போன பிறகு அப்பாவை என் வீட்டுக்கு அழைத்துவந்தோம். மாற்றுச்சட்டை நாலு, மருந்துப் பெட்டி, டார்ச். இவற்றோடு ஒரு நிபந்தனையும் கொண்டுவந்தார். பழைய வீட்டுத் தொலைபேசி எண் அப்படியே இங்கே மாற்றப்பட வேண்டும்.

“மாமா, எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு. இந்த நம்பருக்கு யார் கூப்பிடப் போறா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

“பழகின நம்பர் மாப்பிள்ளை. விட மனசில்ல.”

“கட்டிக்கிட்ட பொண்டாட்டி மாதிரி பேசறீங்களே.”

“அந்த நம்பர் உங்களை மாதிரி குறுக்குக் கேள்வி கேக்காது மாப்பிள்ளை.”

எண் வந்தது. கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தொலைபேசியை வைத்தோம். அதில் கூப்பிடுகிறவள் மெத்தை விற்கும் ஒரு பெண் மட்டும்தான். இருந்தாலும் மணி அடித்தால் அப்பா வேறு யாரையும் எடுக்க விடமாட்டார். தள்ளாடி எழுந்தாவது எடுப்பார். “ஹலோ” என்று சொல்லிவிட்டு ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு தோள் இறங்கும். “மெத்தை வேண்டாம்மா. படுக்கறதே குறைஞ்சுபோச்சு” என்று மரியாதையாகச் சொல்லி வைப்பார்.

“மாமா, உங்க ஆளு இன்னிக்குக் கூப்பிட்டாளா?” என்று என் வீட்டுக்காரர் தினமும் சீண்டுவார். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த மூச்சுப் பிடிப்புக்கு அர்த்தம் என்ன என்று யோசித்ததே இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் டாக்டர், அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார். “இந்த வயசுல ஆபரேஷன் தாங்கமாட்டார். சந்தோஷமா வெச்சுக்கோங்க” என்றார். வண்டியில் திரும்பும்போது பின்சீட்டில் அப்பா தூங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “சந்தோஷம் மருந்துக்கடையில கிடைக்காது பல்லழகி. உங்க அக்காவைத் தேடு.”

பல்லழகி என்றது என்னைத்தான். நான் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் சுண்ணக்கலவை ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாகப் பதிப்பது என் வேலை. மெழுகில் இருக்கும்வரை எந்தத் தப்பையும் திருத்தலாம். சூடு காட்டினால் இளகிவிடும். வார்த்துவிட்டால் போச்சு.

எங்கே தேடுவது? சமூக வலைத்தளங்களில் அக்காவின் பெயரில் நூறு பேர் இருந்தார்கள். ஒருத்தியும் அக்கா இல்லை. அப்போதுதான் எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று நடப்பதாக லேபில் பேச்சு வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆவணங்களை வைத்துக் குடும்ப வரலாற்றைத் தேடிக்கொள்வது எப்படி என்பது வகுப்பு.

நூலகர் நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்திருக்க வேண்டியவர். “முதல் விதி. காசு கேட்டா அந்தப் பக்கம் போகாதீங்க. பழைய பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் படம் புடிச்சு ஏத்தி வெச்சிருக்காங்க. உங்களை மாதிரி ஆளுங்களே உக்காந்து படிச்சு, பேரைத் தட்டச்சு பண்ணி வெச்சிருக்காங்க. பொறுமை மட்டும்தான் செலவு.”

முதல் இரண்டு வாரங்களில் அக்கா கிடைக்கவில்லை. தாத்தா கிடைத்தார். அவருடைய கல்யாணப் பதிவு, மங்கலான படமாக. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. வெளியூரில் வேலைக்குப் போன என் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அதைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பெருவிரலைத் திரையில், அந்த ரேகையின் மேல் வைத்தார்.

“எங்கப்பா விரல்” என்றார். “இதால என் காதைத் திருகியிருக்கார்.”

அன்றிலிருந்து அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அந்த இணையதளத்தில் குடும்பத்தைக் கட்டம் கட்டமாக வரையலாம். ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கோடு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி கேட்கும். உயிருடன் இருப்பவரா, மறைந்தவரா?

“என்னை எதுல போட்டே?” என்றார் அப்பா.

“இருக்கறவங்கள்ல.”

“அவசரப்படாதே. அடிக்கடி மாத்த வேண்டியிருக்கும்.”

அம்மாவின் கட்டத்தில் ‘மறைந்தவர்’ என்று நான் அழுத்தியபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்குக் கீழே ஒரே ஒரு கோடு இழுத்து என் கட்டத்தைப் போட்டேன். அப்பா திரும்பி அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தார்.

அக்காவுக்குக் கட்டம் வைத்தது நூலகத்தில். நூலகரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் வைத்தேன். அக்கா பக்கத்து ஆட்கள் யாராவது இதே தளத்தில் இருந்தால், அவர்கள் கண்ணில் படுமா?

“படாது” என்றார் நூலகர். “உயிரோட இருக்கறவங்க கட்டம் பூட்டின பீரோ மாதிரி. யார் வெச்சாங்களோ அவங்க மட்டும்தான் பாக்கலாம். மறைஞ்சவங்கதான் எல்லாருக்கும் பொது. உங்க அம்மா மூலமா முயற்சி பண்ணுங்க. அவங்க பக்கமும் உங்க அம்மா கட்டம் இருந்தா, ரெண்டும் ஒண்ணுதான்னு தளமே காட்டிக் குடுக்கும்.”

“அம்மா இறந்தது அக்காவுக்குத் தெரியாதே.”

நூலகர் பேனாவைக் கீழே வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் அதைப் புரிந்துகொண்டோம். அக்கா பக்கம் அம்மாவுக்குக் கட்டம் இருந்தால், அதில் அம்மா இன்னும் உயிரோடிருப்பாள். ஆகவே அது பூட்டியிருக்கும். என்னிடம் செத்த அம்மா, அவளிடம் உயிருள்ள அம்மா. இரண்டும் ஒருநாளும் சந்திக்காது.

பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். கப்பல் வேலைக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர். நாங்கள் எல்லாரும் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிடுவோம். அவர் காதில் இதெல்லாம் விழுந்திருக்கிறது. எட்டிப் பார்த்து ரகசியமாகச் சொன்னார்: “நான் ஒரு வேலை பண்ணினேன் தங்கச்சி. எங்க மாமா பையன் எங்கே இருக்கான்னே தெரியல. செத்துட்டான்னு போட்டு வெச்சேன். ஒரே மாசத்துல சண்டைக்கு வந்துட்டான்! இப்போ வாரா வாரம் போன் பேசறோம்.”

“அது தப்பு சார்” என்றார் நூலகர், குரலை உயர்த்தாமல். “பொய் ஆவணம். இதையெல்லாம் நம்பி நாளைக்கு ஒருத்தர் படிப்பார்.”

அவர் சொன்னது நியாயம். எனக்கும் தெரிந்தது. ஆனால் அந்த வாரம் அப்பாவுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், குக்கர் சத்தத்துக்கு நடுவே, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அக்காவின் கட்டத்துக்குப் போனேன். ‘மறைந்தவர்’. தேதி கேட்டது. ‘தெரியாது’ என்று ஒரு வழி இருந்தது. அழுத்தினேன். அதுவரை வெளிர்பச்சையாக இருந்த கட்டம் சாம்பல் நிறமானது. மெழுகுதானே, பிறகு இளக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குக்கர் மறுபடி கத்தியது. அப்படியே விட்டுவிட்டு அடுப்பை அணைக்க ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்ததால் மூடி வைத்தேன்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்தார். பசியில்லை என்றார். மறுநாளும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை நான் லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. அப்பா பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். கையை நீட்டினால் எட்டும். எடுக்கவில்லை. அது பாட்டுக்கு அடித்து அடித்து ஓய்ந்தது.

“என்னப்பா, உங்க மெத்தைக்காரி கோவிச்சுக்கப் போறா.”

அவர் சிரிக்கவில்லை. “இந்த நம்பரை வெட்டிடச் சொல்லும்மா” என்றார். “வீண் செலவு.”

பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை.

“எங்கப்பா விரலை இன்னொரு தடவை பாக்கலாம்னு அன்னிக்கு வந்தேன்” என்றார். “பொட்டி திறந்து கிடந்துது. நீ அடுப்படியில இருந்தே.” கொஞ்சம் நிறுத்தினார். “பெரியவ எப்போம்மா போனா? எனக்கு ஏன் சொல்லலை?”

பெரியவள். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! அது இப்படியா வர வேண்டும்? நான் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“இல்லப்பா. இல்ல. அவ போகலை. எனக்குத் தெரிஞ்சு போகலை. நான்தான் அப்படிப் போட்டேன்.” பூட்டு, பொது, அம்மாவின் கட்டம் என்று உளறிக் கொட்டினேன். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“உயிரோட இருக்கறவளை... கூடப் பிறந்தவளை... செத்துட்டான்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துது?”

“அவ கிடைக்கணும்னுதான்.”

“அதுக்கு? மூணு நாளா நான் இங்கே உக்காந்து...” உள்ளங்கையால் நாற்காலியைத் தட்டினார். “சீ. என்ன பொண்ணு நீ!”

நான் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் அந்த ‘சீ’ என்னை என்னவோ செய்துவிட்டது.

“நான் ஒரு பட்டனைத்தான்ப்பா அமுக்கினேன். நீங்க வாயால சொன்னீங்க. ‘எந்த அக்கா’ன்னு கேட்டீங்க. எனக்கு ஒரே பொண்ணுன்னு சொன்னீங்க. அம்மா கதவைக் கதவைப் பாத்துக்கிட்டே போனா. அப்பவும் நீங்க வாயைத் திறக்கலை. நான் போட்டது மூணு நாள். நீங்க போட்டது?”

சொன்ன பிறகு பயம் வந்தது. வால்வு சரியில்லாத மனிதர். அவர் என்னைத் திட்டவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கி மூக்கோரமாகச் சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“மாத்து” என்றார் கடைசியில். “என் கண்ணு முன்னாடி மாத்து.”

“மாத்தினா பூட்டிக்கும்ப்பா. யாரும் பாக்க முடியாது. அவ கிடைக்கமாட்டா.”

“கிடைக்காட்டி போகட்டும். எங்கேயாவது உயிரோட இருக்கட்டும்.”

லேப்டாப்பை அவர் மடியிலேயே வைத்து மாற்றினேன். சாம்பல் போய்ப் பச்சை வந்தது. அப்பா விரலை நீட்டி, தாத்தாவின் ரேகையைத் தொட்டது போலவே, அந்தக் கட்டத்தைத் தொட்டார். தொட்ட விரலைச் சீக்கிரம் எடுக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர் அன்று ஒரு சீண்டலும் செய்யவில்லை. தட்டில் சோறு போட்டு அப்பாவிடம் தானே எடுத்துப் போனார். “மாமா, நீங்க சாப்பிடாம நான் சாப்பிடமாட்டேன். எனக்குப் பசி வந்தா யாரையாவது கடிச்சுடுவேன். உங்க பொண்ணு எனக்குன்னு நல்ல பல்லு வேற செஞ்சு வெச்சிருக்கா.” அப்பா நாலு வாய் சாப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போக எனக்கு மனமில்லை. நூலகரிடம் செய்த தப்பைச் சொல்லிவிடுவோம் என்றுதான் போனேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் திரையைக் காட்டி, “மேல மணி மாதிரி ஒரு குறி சிவப்பா இருக்கே. யாரோ செய்தி அனுப்பியிருக்காங்க, பாருங்க” என்றார்.

திங்கட்கிழமை அனுப்பிய செய்தி. கட்டம் சாம்பலாக இருந்த நாட்களில் வந்திருக்கிறது.

‘நீங்க யாருன்னு தெரியாது. ஆனா நீங்க போட்டிருக்கிறது எங்க அம்மா. பேரு, ஊரு, பிறந்த தேதி எல்லாம் அவங்களோடதுதான். ஆனா அவங்க இறக்கலை. பக்கத்து ரூம்ல துணி மடிச்சுக்கிட்டிருக்காங்க. “என்னடி அங்கே சத்தத்தையே காணோம்”னு இப்பத்தான் கேட்டாங்க. தயவுசெஞ்சு இதை எடுத்துடுங்க.’

நான் படித்துவிட்டு எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். கப்பல்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள். அக்கா துணி மடிக்கிறாள்!

எழுதினேன்: ‘மன்னிச்சுடும்மா. நான் உங்க அம்மாவோட தங்கச்சி. உனக்குச் சித்தி. அவளைத் தேடத் தெரியாம அப்படிப் போட்டுட்டேன். மறுநாளே மாத்தியாச்சு. நீ யாரு? அந்தக் கைக்குழந்தையா?’

வகுப்பு முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

‘நான்தான் சித்தி அந்தக் கைக்குழந்தை. பெத்த அம்மா முகம் எனக்குத் தெரியாது. எனக்கு அம்மான்னா இவங்கதான். அப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. எங்க குடும்பத்தை எழுதி வைக்கலாம்னு அந்தத் தளத்துக்குப் போனேன். அம்மா அவங்க வீட்டைப் பத்தி அதிகம் பேசமாட்டாங்க. அவங்க பேரைப் போட்டுத் தேடினப்போ உங்களோடது வந்துது. இப்போ அம்மாகிட்ட எல்லாத்தையும் காட்டினேன். அவங்க கட்டம் காணோம். ஆனா அதுக்கு மேல இருந்த பாட்டியோட கட்டம் இன்னும் இருக்கு. அதுலயும் மறைந்தவர்னு போட்டிருக்கு. அதையே பாத்துக்கிட்டிருக்காங்க. “என் கட்டம் மாதிரி அதுவும் தப்பாத்தான் போட்டிருப்பா என் தங்கச்சி, கேளு”ன்னு சொல்றாங்க. தப்புதானே சித்தி?’

என் ஒரு பொய்யால் அங்கே ஓர் ஆசை முளைத்திருந்தது. அதை நானே பிடுங்க வேண்டும். நூலகர் என் தோளில் கை வைத்தார். தப்பு என்று ஒரு சொல் அடித்துவிட்டால், இன்னொரு நாள், இன்னொரு வாரம், அம்மா அங்கே இருப்பாள். பூட்டிய கட்டத்துக்குள், யார் கண்ணிலும் படாமல்.

‘அது தப்பில்லைம்மா. நிஜம். இந்த வருஷத்தோட ரெண்டு வருஷம் ஆச்சு’ என்று எழுதினேன்.

அதன் பிறகு பதிலே இல்லை. வேலையில் கை ஓடவில்லை. வரிசையாக வைத்த முன்பற்களை மறுபடி மெழுகிலிருந்து பிடுங்கி மறுபடி வைத்தேன். அப்பாவிடம் அக்கா இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லியிருந்தேன். “நல்லா இருக்காளா?” என்று கேட்டார். “துணி மடிக்கிறாளாம்ப்பா” என்றேன். “நல்லா மடிப்பா” என்றார். “முனையோட முனை சேர்த்து.” அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். நம்பரை வெட்டச் சொன்னதை மறந்தவர் போலிருந்தார்.

ஒரு மாலை, நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, அக்கா மகளிடமிருந்து செய்தி வந்தது.

‘அம்மா இத்தனை நாள் படுத்தே இருந்தாங்க. இன்னிக்குத்தான் எழுந்து உக்காந்தாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. “நான் சொன்னது சொன்னதுதான். அவர் வாயால வான்னு சொல்லணும். எங்கம்மாவைப் பாக்கக்கூட வராம இருந்துட்டு, இப்போ சும்மா எப்படி வருவேன்?” இப்படியேதான் சொன்னாங்க சித்தி. கோவிச்சுக்காதீங்க. சொல்லிட்டு அழறாங்க.’

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கை தானாகத் தொலைபேசியின் மேல் போய் நின்றது.

“நானே போன் போட்டுத் தர்றேன்ப்பா. அந்தப் பொண்ணோட நம்பர் கேட்டு வாங்கிடறேன். நீங்க பேசினாப் போதும்.”

தலையாட்டினார், வேண்டாம் என்று. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எத்தனை வருடமாக அந்தச் சொல்லை உள்ளே வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாற்காலி, இந்த மணிச்சத்தம், அந்த மூச்சுப் பிடிப்பு எல்லாம் அதற்குத்தான். வெளியே வர வழி தெரியாமல் அது தொண்டையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது.

“நம்பர் மாறலைன்னு மட்டும் சொல்லு அவகிட்ட” என்றார்.

அதை அப்படியே அனுப்பினேன்.

‘அந்த நம்பரா? எனக்கே மனப்பாடம் சித்தி’ என்று வந்தது பதில். ‘சின்ன வயசுல கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போகும்போதெல்லாம் அம்மா சொல்லிக் குடுப்பாங்க. தொலைஞ்சு போயிட்டா இந்த நம்பரைச் சொல்லு, அங்கே ஒருத்தர் இருப்பார், எப்படியும் வந்து கூட்டிட்டுப் போயிடுவார்னு.’

இதை நான் அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். பாதியிலேயே என் குரல் உடைந்துவிட்டது. மீதியை என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். அவருக்கும் அது சரியாக வரவில்லை. அப்பா டார்ச்சைக் கையில் எடுத்து, எதற்கோ ஒருமுறை எரியவைத்து அணைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையிலேயே என் வீட்டுக்காரரிடம் சவரம் செய்துவிடச் சொன்னார். வெளியே போவதற்கென்று வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். “போன்ல சட்டை தெரியாது மாமா” என்றார் இவர். “எனக்குத் தெரியும் மாப்பிள்ளை” என்றார் அப்பா.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தொலைபேசியின் மேல் விழுந்திருந்த நேரத்தில் மணி அடித்தது. நான் ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். அப்பா எடுத்தார்.

“ஹலோ.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை தோள் இறங்கவில்லை.

அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. மெத்தைக்காரியாக இருந்தால் இதற்குள் பத்து வாக்கியம் பேசியிருப்பாள். யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் எனக்கே லேசாகக் கேட்டது. அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்லித் தருவேன் என்பது போல. நான் சொல்லித் தரவில்லை. அது என் சொல் இல்லை.

தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து நின்றார். மூன்றாம் மாடிக்குக் கேட்ட அந்தக் குரல் எங்கோ போயிருந்தது. மெலிந்து, உடைந்து, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

“வீட்டுக்கு வாம்மா” என்றார் அப்பா. “அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா.”